எழுபது வருஷமா தாங்குச்சே, இன்னிக்குத் தாங்காதா?

மக்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது பப்ளிக் பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல ஒரு முழுக் கட்டுரை எழுதறது இதுதான் முதல் தடவை. ஃபிளைவீலை ஃபிளைவீல்னுதான் எழுதப் போறேன். தமிழ் மன்றத்து நண்பர்கள் மன்னிக்கணும்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஹாஸ்டல் ரூம்ல கொஞ்ச நாளா ஒரு பைத்தியம் பிடிச்சிருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல மத்த ரூம்ல கிரிக்கெட் ஹைலைட்ஸ் ஓடும், எங்க ரூம்ல டிராக்டர் ஓடும். அமெரிக்காவுல கிராமத்துக் கண்காட்சிகள்ல நடக்கிற டிராக்டர் இழுவைப் போட்டி. நம்ம ஊர்ல இளவட்டக்கல் தூக்கி யாருக்குத் தெம்பு அதிகம்னு பார்த்த மாதிரி, அங்க யார் டிராக்டர் அதிகமா இழுக்கும்னு பார்க்கிறாங்க. 1929-லயே மிசோரி, ஒஹாயோ மாநிலங்கள்ல போட்டி நடந்ததா சொல்றாங்க. 1969-ல இதுக்குன்னு ஒரு தேசிய அமைப்பே வந்துடுச்சு.

இழுக்கிற பொருளுக்குப் பேரு ஸ்லெட். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஆரம்பத்துல எடைப்பெட்டி ஸ்லெட்டோட பின்சக்கரத்துக்கு மேல இருக்கும், இழுக்கறது சுலபம். டிராக்டர் நகர நகர அந்தப் பெட்டி முன்னாடி வரும். முன்பக்கம் சக்கரம் கிடையாது, வெறும் இரும்புத் தகடு, அது மண்ணைப் பிறாண்டும். அதனால போகப் போக இழுவை கூடிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல டிராக்டர் நின்னுடும். அந்தக் காலத்துல இந்த மெஷினெல்லாம் இல்ல. ஓடுபாதை ஓரத்துல ஆளுங்க வரிசையா நிப்பாங்க, ஸ்லெட் பக்கத்துல வர வர ஒவ்வொருத்தரா அது மேல ஏறிக்குவாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. மனுஷங்களையே லோடா வச்சு டெஸ்ட் ரிக் பண்ணியிருக்காங்க பாருங்க.

இதுல பழைய டிராக்டர்களுக்குன்னு தனிப் பிரிவு உண்டு. தாத்தா உழுத டிராக்டரை ஷெட்ல இருந்து எடுத்து, பெயின்ட் அடிச்சு, பேரன் கொண்டு வந்து இழுப்பான். 1939-ல வந்த ஃபார்மால் எம், 1934-ல வந்த ஜான் டீர் ஏ, இந்த மாதிரி வண்டிகள். பார்க்கவே சந்தோஷமா இருக்கும். நான் இந்தப் போட்டிக்கு எதிரி இல்ல. கட்டுரையோட கடைசி வரைக்கும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அன்னிக்கு ராத்திரி பார்த்த வீடியோவுல ஒரு பழைய ஃபார்மால் இழுத்துச்சு. எப்பவும் இந்த இன்ஜின் "டுக் டுக் டுக்"னு நிதானமா பேசும். இது பேசல, கத்துச்சு. பைக் மாதிரி சத்தம். நான் "டேய், இது ரெண்டு மடங்கு ஆர்பிஎம்ல ஓடுதுடா"ன்னேன். பக்கத்துக் கட்டில் நண்பன் சொன்ன பதில்தான் தலைப்பு. "எழுபது வருஷமா தாங்குச்சுடா, இன்னிக்குத் தாங்காதா? அந்தக் காலத்து இரும்புடா அது!"

இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உங்க பாட்டி எழுபது வருஷமா தினமும் கோயிலுக்கு நடந்து போறாங்கன்னு வைங்க. அதனால அவங்களை நூறு மீட்டர் ஓட்டப்பந்தயத்துல இறக்கலாம்னு யாராவது சொல்வோமா? எழுபது வருஷம் தாங்கினது எந்த வேகத்துல? ஃபார்மால் எம் இன்ஜினுக்குக் கம்பெனி குறிச்ச வேகம் நிமிஷத்துக்கு 1450 சுத்து. ஜான் டீர் ஏ-க்கு வெறும் 975. நம்ம பைக் ஐடில்ல நிக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கிட்டத்துலதான் அது முழு வேலையும் செய்யும். எழுபது வருஷ அனுபவம் 1450-ஐப் பத்திதான் சாட்சி சொல்லும். 2900-ஐப் பத்தி அதுக்கு ஒண்ணுமே தெரியாது.

நாலாவது செம்ல டிஓஎம் படிச்சவங்களுக்கு இது ஞாபகம் வரும். சுத்துற பொருள்ல வர்ற விசை வேகத்துக்கு நேர்விகிதம் கிடையாது, வேகத்தோட வர்க்கத்துக்கு நேர்விகிதம். நாமளும் ஒமேகா ஸ்கொயர்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கிட்டோம். அந்த ஸ்கொயர் நிஜத்துல என்ன பண்ணும்னு எனக்கு அன்னிக்கு ராத்திரி வரைக்கும் உறைக்கல. நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல்ல பிஸ்டன். ஃபார்மால் எம்-மோட ஸ்ட்ரோக் ஐந்தேகால் அங்குலம், அதாவது சுமார் 133 மில்லிமீட்டர். பிஸ்டன் எடை ஒரு கிலோன்னு வச்சுப்போம். 1450-ல, பிஸ்டன் மேல போய்த் திரும்புற இடத்துல, கனெக்டிங் ராட் அதைப் பிடிச்சு இழுக்கிற விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். 2900-ல அது 630 கிலோ. ராட் நீளத்தைக் கணக்குல சேர்த்தா இன்னும் கூடும். ஒரு கிலோ பிஸ்டனுக்கு, நொடிக்கு நாற்பத்தெட்டு தடவை! அதுலயும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியற இடம்தான் ரொம்ப மோசம். அங்க பிஸ்டனுக்கு மேல கேஸ் அழுத்தம் கிடையாது, முட்டுக்கொடுக்க ஆளில்லை. முழு இழுப்பும் ராட் கீழ்ப்பக்கத்து ரெண்டு போல்ட்ல விழும். போல்ட் அறுந்தா ராட் பிளாக்கோட பக்கத்தைக் குத்திக்கிட்டு வெளிய எட்டிப் பார்க்கும்.

சரி, ராட் போனா பெரும்பாலும் இன்ஜினோட போச்சு. பணம்தான் நஷ்டம். எனக்குத் தூக்கம் கெட்டது ஃபிளைவீலை நினைச்சு.

பழைய டிராக்டர்ல ஃபிளைவீல் வார்ப்பிரும்பு. நாம மெட்டீரியல்ஸ் லேப்ல மைக்ராஸ்கோப்ல பார்த்தோமே, கருப்பு கருப்பா கிராஃபைட் செதில், அதே கிரே காஸ்ட் அயர்ன். அமுக்கினா மலை மாதிரி நிக்கும், இழுத்தா சட்டுனு போயிடும். சுத்துற சக்கரத்துல வர்றது இழுவிசை. அதாவது அந்த இரும்புக்கு எது பிடிக்காதோ அதைத்தான் நாம அதுக்குக் கொடுக்கிறோம்.

அந்தக் காலத்து மில் இன்ஜினியர்கள்கிட்ட ஒரு கைக்கணக்கு இருந்திருக்கு. வார்ப்பிரும்புச் சக்கரத்தோட விளிம்பு நிமிஷத்துக்கு ஒரு மைலுக்கு மேல ஓடக் கூடாது. அதாவது நொடிக்குச் சுமார் 27 மீட்டர். நான் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஃபிளைவீலை வச்சுக் கணக்குப் போட்டேன். 1450-ல விளிம்பு வேகம் 30 மீட்டர். பார்த்தீங்களா, கிட்டத்தட்ட அதே எண். பழைய ஆளுங்க அந்த 1450-ஐச் சும்மா குறிக்கல. 2900-ல அது 61 மீட்டர், நம்ம கணக்குல மணிக்கு 220 கிலோமீட்டர்.

மெல்லிய வளையம்னு வச்சுக்கிட்டா, 1450-ல விளிம்புல வர்ற இழுவிசை ஏழு மெகாபாஸ்கலுக்கும் கீழ. கிளட்ச் போல்ட் போடுற ஓட்டைகள் இருக்கு, ஓட்டைக்குப் பக்கத்துல மூணு மடங்குன்னு வச்சாலும் இருபது. இரும்பு தாங்குறது குறைஞ்சது நூற்றைம்பதுன்னு எடுத்துக்கிட்டா, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி ஏழரை. ராஜா மாதிரி ஓட்டலாம். 2900-ல அதே இடத்துல எண்பது. ஃபேக்டர் ரெண்டுக்குக் கீழ இறங்கிடுச்சு. 3500 வரைக்கும் ஏத்துறவங்களும் இருக்காங்க, அங்க 116. ஃபேக்டர் 1.3.

இப்ப நண்பன் துள்ளிக் குதிச்சான். "ஒண்ணுக்கு மேலதானே இருக்கு? உடையாதுல்ல?"

நியாயமான கேள்வி. நானும் இந்த இடத்துல கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டேன். உண்மைதான், காகிதத்துல உடையல. அதனாலதான் பெரும்பாலான போட்டிகள்ல ஒண்ணும் ஆகறதில்ல, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க. ஆபத்தே அதுலதான் இருக்கு. நான் போட்ட கணக்கு புத்தம்புது சக்கரத்துக்கு. அந்த ஏழரையை டிசைனர் எதுக்குக் கொடுத்தார்? வார்ப்புல உள்ள இருக்கிற காத்துக்குழிக்கு. வருஷக்கணக்கா கிளட்ச் வழுக்கி, முகம் சூடாகிச் சூடாகி ஆறினதுல வந்த மயிரிழை விரிசலுக்கு. நடுவுல எந்த லேத் பட்டறையிலயோ முகத்தைச் சீவி மெலிசாக்கினதுக்கு. எழுபது வருஷம் தாங்குச்சுன்னு பெருமையா சொல்றோமே, அந்த எழுபது வருஷமும் இந்தக் கையிருப்பைத்தான் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டு இருந்திருக்கு. வயசான சக்கரத்துக்குப் புதுச் சக்கரத்தை விடக் குறைவான வேகம்தான் கொடுக்கணும். நாம ரெண்டு மடங்கு கொடுக்கிறோம். போட்டிக்குன்னு இன்ஜினைப் பிரிக்கிறவங்க கார்புரேட்டரை மாத்துவாங்க, கேம்ஷாஃப்ட் மாத்துவாங்க, போர் பெருசு பண்ணுவாங்க. ஃபிளைவீலைத் தொடைச்சுத் திரும்ப மாட்டுவாங்க. அது பவர் தராதே!

இதையெல்லாம் தடுக்கத்தான் கவர்னர்னு ஒரு ஆள் இன்ஜின்ல உட்கார்ந்திருக்கார். டிஓஎம் லேப்ல ஹார்ட்நெல் கவர்னர் எக்ஸ்பெரிமென்ட் எல்லாரும் பண்ணியிருப்பீங்க. எங்க பேட்ச்ல ஒருத்தன் ரீடிங் சீக்கிரம் முடியணும்னு டிம்மர்ஸ்டாட்டை ஒரே திருகாத் திருகிட்டான். ஸ்லீவ் மேல இருக்கிற ஸ்டாப்பர்ல போய் "டொக்"குனு மோதுச்சு. பால் வெயிட் ரெண்டும் தெரியவே இல்ல, ஒரு சாம்பல் வட்டம் மட்டும்தான். லேப் அண்ணன் ஓடி வந்து மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு, எங்களை எதுவுமே திட்டல. மொத்தப் பேரையும் மெஷினுக்குப் பக்கவாட்டுல இருந்து தள்ளி, ஒரு பக்கமா நிக்க வச்சார். "இனிமே எது சுத்தினாலும் அது சுத்துற தளத்துக்கு நேரா நிக்காதீங்க தம்பி"ன்னார். அன்னிக்கு அது எனக்குப் புரியல.

டிராக்டர்ல அதே கவர்னர்தான். வேகம் கூடினா எடைகள் விரிஞ்சு த்ராட்டிலைக் குறைக்கும். போட்டிக்காரங்க செய்யற முதல் வேலை இந்த ஸ்பிரிங்கை இறுக்கறது, இல்லைன்னா கவர்னரையே கழட்டிட்டு த்ராட்டிலை நேரா லீவர்ல மாட்டறது. அப்படிச் செஞ்ச வண்டி முழு இழுவையில கத்திக்கிட்டிருக்கும்போது கொக்கி அறுந்தா? டயர் பிடி விட்டா? அந்த நொடியில லோடு போயிடும், பிடிச்சு நிறுத்த யாருமில்ல, ஆர்பிஎம் எகிறும். மேல சொன்ன 2900 அங்க 2900-ஆ நிக்காது.

லேப் அண்ணன் சொன்னதுக்கு இப்ப வர்றேன். எனக்கு இந்தக் கட்டுரையில முக்கியமானது இதுதான்.

"அவன் டிராக்டர், அவன் உயிர், உனக்கென்ன?"ன்னு கேக்கலாம். ஆனா சக்கரம் உடைஞ்சா துண்டுகள் எங்க போகும்? அது சுத்துற தளத்துலயேதான் தெறிக்கும். ஃபார்மால்ல கிராங்க்ஷாஃப்ட் வண்டியோட நீளவாக்குல இருக்கு, ஃபிளைவீல் குறுக்கா சுத்துது. அதனால துண்டு போற திசை மேல, கீழ, இடது, வலது. மேல போனா எரிபொருள் டேங்க் இருக்கு. ஓட்டுறவர் பின்னாடி தள்ளி உட்கார்ந்திருக்கார், அவருக்காவது ஒரு வாய்ப்பு உண்டு. இடமும் வலமும் யார் இருக்காங்க? பார்க்க வந்தவங்க. ஓடுபாதையோட ரெண்டு பக்கமும்தான் கேலரி. வண்டி நூறு மீட்டர் தூரம் நகருது, அந்தத் தளமும் கூடவே நகருது, ஒவ்வொரு வரிசையா எல்லாரையும் கடந்து போகுது. பீப்பாயைப் பக்கவாட்டுல நீட்டின துப்பாக்கியை ஏந்திக்கிட்டு கூட்டத்து நடுவுல நடக்கிற மாதிரி.

ஜான் டீர் ஏ-ல கதை வேற. அதுல கிராங்க்ஷாஃப்ட் குறுக்கா இருக்கு. ஃபிளைவீல் வண்டிக்கு இடது பக்கம் வெளியவே தெரியும், அதைக் கையால சுத்தித்தான் அந்தக் காலத்துல ஸ்டார்ட் பண்ணுவாங்க. அது சுத்துற தளம் முன்னும் பின்னும். அங்க கூட்டத்துக்கு ஆபத்து குறைவு, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவருக்கு அதிகம். நடுவுல ஒரு மூடியும் கிடையாது.

ஒரு கிலோ விளிம்புத் துண்டு 61 மீட்டர் வேகத்துல வந்தா அதோட ஆற்றல் சுமார் 1860 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டர்ல வர்ற கிரிக்கெட் பந்துக்கு 130 கூட வராது. பந்துக்கு ஹெல்மெட் போடுறோம்.

ஃபார்மால்ல சக்கரத்தைச் சுத்தி கிளட்ச் ஹவுசிங் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. அதுவும் வார்ப்பிரும்புதான். நல்ல நாள்ல தடுக்கும், கெட்ட நாள்ல அதுவும் துண்டாகிக் கூட வரும்.

பெரிய லீக் போட்டிகள்ல இதெல்லாம் எப்பவோ யோசிச்சுட்டாங்க. கிளட்ச்சையும் ஃபிளைவீலையும் சுத்தித் தடுப்பு, ஓட்டுறவருக்கு ஹெல்மெட், ரோல் கேஜ், தீப்பிடிக்காத உடை. எனக்குப் பிடிச்சது கில் ஸ்விட்ச். ஸ்லெட்டுல இருந்து ஒரு கேபிள் டிராக்டரோட ஸ்விட்ச்ல மாட்டியிருக்கும். கொக்கி அறுந்தா கேபிள் இழுத்துக்கிட்டுப் போகும், இன்ஜின் அணையும். பெட்ரோல் இன்ஜின்ல மேக்னெட்டோவை எர்த் பண்ணினா போதும், ஸ்பார்க் போயிடும். டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது, காத்தை அடைக்கணும். அந்த லீக்ல ஆயிரக்கணக்கான குதிரைசக்தி ஓடுது, ஆனா எனக்கு அதைப் பார்க்க பயமில்ல. சின்னக் கண்காட்சியில தாத்தா டிராக்டர் கத்தும்போதுதான் பயமா இருக்கு. சில கிளப்புகள் கம்பெனி குறிச்ச ஆர்பிஎம்முக்கு மேல இவ்வளவு சதவீதம்தான்னு வரம்பு வைக்குது. சில இடத்துல எந்த வரம்பும் இல்ல. "பழைய வண்டிதானே, மெதுவாதானே போகும்"னு ஒரு நினைப்பு. வண்டி மெதுவாத்தான் போகுது. உள்ள இருக்கிற சக்கரம் மெதுவா போகல.

நம்ம நாட்டுல? பஞ்சாப்ல இதோட சொந்தக்காரன் இருக்கான், டோச்சன். ரெண்டு டிராக்டரைப் பின்னுக்குப் பின் கட்டி இழுக்க விடுவாங்க. அங்க ஹீரோ எச்எம்டி 5911. பாட்டுல எல்லாம் வந்த வண்டி. அந்த எச்எம்டி டிராக்டர் பிரிவையே மூடுறதுன்னு 2016-ல அரசு முடிவு பண்ணிடுச்சு. அதாவது இப்ப ஓடுற எந்த 5911-ம் பழைய வண்டிதான். கேலரிகூடக் கிடையாது, ஜனங்க டயருக்கு ரெண்டடி தள்ளி நின்னு போன்ல படம் எடுக்கிறாங்க. 2023 அக்டோபர்ல ஒரு கிராமத்து விளையாட்டு விழாவுல டிராக்டர் ஸ்டண்ட் செஞ்ச ஒரு இளைஞர் இறந்ததுக்கு அப்புறம், பஞ்சாப் அரசு டிராக்டர் ஸ்டண்ட்டுக்குத் தடை போட்டுச்சு. அந்தச் சாவு இன்ஜின் உடைஞ்சு வந்தது இல்ல, ஓட்டுநர் இல்லாம சுத்த விட்ட டிராக்டர்ல சிக்கினது. அதை என் வாதத்துக்குச் சாட்சியா இழுக்கல. அரசு எப்ப எழுந்திருக்கும்னு காட்டத்தான் சொல்றேன்.

தடை எனக்குப் பிடிக்கல. தடை போட்டா போட்டி ஊருக்கு வெளிய வயக்காட்டுக்குப் போகும், அங்க ஆம்புலன்ஸ்கூட நிக்காது. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. நம்ம லேப்ல இருக்கிற கையில பிடிக்கிற டேக்கோமீட்டர் மாதிரி ஒண்ணை நடுவர்கிட்ட கொடுங்க. கம்பெனி எண்ணுக்கு மேல ஓட்டணும்னா தாராளமா ஓட்டு, ஆனா வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கழட்டிட்டு ஸ்டீல்ல போட்டுட்டு வா, சுத்தி ஒரு ஸ்டீல் தடுப்பு மாட்டிட்டு வா. பழைய சக்கரமேதான் வேணுமா, வருஷத்துக்கு ஒரு தடவை டை பெனட்ரன்ட் அடிச்சு விரிசல் பார்த்துட்டு வா, கம்பெனி எண்ணுக்குள்ள ஓட்டு. சிவப்புச் சாயம் அடிச்சு, துடைச்சு, டெவலப்பர் தூவினா விரிசல் கோடு போட்டுக் காட்டும், நாமளே மெட்ராலஜி பக்கத்து ரூம்ல பண்ணினதுதானே. டயர் வாங்குற காசுல இது ஒரு மூலைக்குக்கூட வராது. தாத்தா டிராக்டர் மேல அவ்வளவு பாசம்னா, தாத்தா ஓட்டின வேகத்துலயே அதை இழுக்க விட்டுப் பாருங்களேன். அந்த டுக் டுக் சத்தத்துக்காகத்தானே நான் முதல்ல இந்த வீடியோவையே பார்க்க ஆரம்பிச்சேன்.

நண்பன் இன்னும் முழுசா ஒத்துக்கல. "40 சென்டிமீட்டர்னு நீயா வச்சுக்கிட்ட"ங்கிறான். அது சரிதான். உங்க ஊர்ல யார் வீட்டு ஷெட்லயாவது பழைய டிராக்டர் பிரிச்சுக் கிடந்தா, ஃபிளைவீல் விட்டத்தை டேப்ல அளந்து, கம்பெனி ஆர்பிஎம்மையும் சேர்த்து எனக்குச் சொல்லுங்க. கிளட்ச் பக்கத்து முகத்தையும் டார்ச் அடிச்சு ஒரு போட்டோ எடுங்க. கணக்கை மறுபடி போடறேன். பி பிளாக், மூணாவது மாடி, பதினோரு மணிக்கு மேல முழிச்சுக்கிட்டுத்தான் இருப்போம்.